தகட்டுக்குப் பின்னால் ஈரம்

எங்கள் அண்ணன் கருத்தக்கண்ணன் கம்பத்தில் வைத்திருந்த பட்டறையின் பலகையில் மூன்று வரிகள் இருந்தன. முதல் வரி அவர் பெயர். இரண்டாவது, டிங்கர் – வெல்டிங். மூன்றாவது வரியை அவரே பெயிண்ட் தொட்டு எழுதினார்: ‘ஒழுகல் பார்க்கப்படும்.’ அதைப் படித்துவிட்டு ஓட்டு வீடு ஒழுகுகிறது என்று கூப்பிட வந்தவர்கள் உண்டு. காமயகவுண்டன்பட்டிக்காரர் ஒருவர் தன் மூக்கைக் காட்டி, “இதுவும்தான் ஒழுகுது, பாப்பீகளா?” என்று கேட்டாராம். அதை அண்ணனே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். பலகையை மட்டும் மாற்றவில்லை.

வண்டிக்குள் தண்ணீர் சொட்டுகிற இடம் ஒன்றாகவும் உள்ளே புகுகிற இடம் வேறாகவும் இருக்கும். பின் சீட்டின் அடியில் தேங்கும் நீர் முன்கண்ணாடியின் மூலையில் நுழைந்திருக்கும். கூரை மடிப்பு, கதவுத் தூண், தரை விரிப்பு என்று யார் கண்ணிலும் படாமல் நடந்து வந்திருக்கும். போன வழியெல்லாம் துருவை விட்டுவிட்டுப் போயிருக்கும். அந்த வழியைக் கண்டுபிடிப்பதுதான் அண்ணனின் வேலை. பளபளவென்று பெயிண்ட் அடிக்க அவருக்கு வராது. சொன்ன நாளில் வண்டியைத் திருப்பிக் கொடுத்ததும் அபூர்வம். இது போதும் என்று விட மனம் வராமல், பிரித்த இடத்துக்குப் பக்கத்து இடத்தையும் பிரித்துவிடுவார். இதற்காக வாடிக்கையாளர்கள் திட்டுவார்கள். அவரும் பதிலுக்குத் திட்டுவார்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறியதும் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் கரூருக்குப் போய், பஸ் பாடி கட்டும் கூடத்தில் சேர்ந்துகொண்டவர் அவர். அங்கே ஆண்டுக்கணக்கில் தகரம் தட்டியதில் இடது காது போய்விட்டது. 1996இல் ஊர் திரும்பியபோது நான் உத்தமபாளையத்தில் கல்லூரிக் கடைசி வருடம். வீட்டுக்குள் வந்தவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, “உமா, இனிமே சோத்தாங்கைப் பக்கம் நின்னு பேசு.” அதற்குப் பிறகு அவரோடு எங்கே நடந்தாலும் நான் வலப்பக்கம்தான் நடப்பேன். இப்போதும் யாரோடாவது நடக்கும்போது கால்கள் தாமாக வலப்பக்கம் போகின்றன.

கஸ்தூரி மதினி வந்த பிறகு சட்டைகளைப் பற்றிய சண்டை ஆரம்பித்தது. எந்தச் சோப்புக்கும் போகாத செம்பழுப்புக் கறைகள். “நான் இவரோட குடும்பம் நடத்துறேனா, துருவோட நடத்துறேனான்னு தெரியல,” என்பாள் மதினி. ஆனாலும் கேஸ் அடுப்பு வாங்கிய பிறகும் வெந்நீருக்கு விறகடுப்பையே வைத்திருந்தாள். காரணம் சாம்பல். ஆறிய சாம்பலை வேட்டித் துணியில் சலித்து ஒரு டப்பாவில் போட்டுக் கொடுப்பாள். ஒழுகும் வண்டி வந்தால் அண்ணன் அதை வெயிலில் நன்றாகக் காயவைப்பார். உள்ளே எல்லாத் தையல்களிலும் விளிம்புகளிலும் அந்தச் சாம்பலைத் துணி மூட்டையால் தட்டித் தட்டிப் படியவைப்பார். பிறகு வெளியே கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுவார். உள்ளே எங்கேயாவது வெள்ளைச் சாம்பலில் ஒரு கருங்கோடு இறங்கும். கோட்டின் தலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் துளை.

கடைசியில் ஒரு சொட்டை விரலால் தொட்டு நாக்கில் வைப்பார். ரேடியேட்டர் தண்ணீரா மழைத்தண்ணீரா என்று பார்க்கத்தான். “வீட்டுல ரசத்துக்கு உப்புப் பாக்கச் சொன்னா மூஞ்சியத் திருப்பிக்கிருவாரு,” என்பாள் மதினி.

2005 புரட்டாசியில் பிச்சைமணி தன் ஜீப்பைக் கொண்டுவந்தான். ஆரம்பப் பள்ளியில் என்னோடு படித்தவன். விடிவதற்கு முன்னால் கம்பத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ரோட்டில் மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் விட்டுவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிவருவது அவன் பிழைப்பு. எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினாலு பேர் வருவார்கள். தோட்டத்து வாசல்வரை பஸ் கிடையாது.

“அண்ணே, மழை பெஞ்சா உள்ளுக்குள்ள குத்தாலம். மிதிக்கிற காலு பூரா ஊறிப்போகுது,” என்றான்.

“கண்ணாடி ரப்பரு மாத்துனியா?”

“ரெண்டு வாட்டி.”

“எவன்கிட்டக் குடுத்த?”

“எவன்கிட்டயும் குடுக்கலண்ணே.”

அண்ணன் ரப்பர் ஓரத்துப் பசையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “இது நம்ம பட்டறைப் பசை இல்லையே. எவன்கிட்டயோ போயி ஏமாந்துட்டுத்தான் இங்கன வந்திருக்க.”

“நீங்க வண்டியப் பிரிச்சுப் போட்டு வாரக்கணக்குல வச்சுக்கிருவீகளே, அந்தப் பயம்தான்,” என்று அவன் தலையைச் சொறிந்தான்.

அன்று நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு விடுமுறை. டீ குடிக்கப் பட்டறைக்குப் போயிருந்த என் கையில் அண்ணன் டார்ச்சைக் கொடுத்தார். ஓட்டுநர் இடத்தின் கீழே குனிந்து உட்கார்ந்தேன். சாம்பல் அடித்து முடித்ததும் பிச்சைமணி எட்டிப் பார்த்து, “என்னண்ணே, வண்டிக்குத் திருநீறு பூசிட்டீக. அப்படியே மொட்டையும் போட்ருவீகளா?” என்றான். அண்ணன் பானெட் ஓரத்தில் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்.

ஜீப்பில் ஓட்டுபவரின் கால்களுக்கும் இன்ஜினுக்கும் நடுவே நிற்கும் இரும்பு ஷீட்டை அண்ணன் ‘முன்சுவர்’ என்பார். அந்தச் சுவரில், டேஷ்போர்டுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு திருகியிருந்தது. மந்திரித்த தகடு. கட்டங்களும் எழுத்துகளும் சந்தனத்தில் மூடிக் கிடந்தன. டார்ச் வெளிச்சத்தில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தகட்டின் கீழ்விளிம்பில் சாம்பல் கருத்தது. முதலில் ஒரு புள்ளி. பிறகு அந்தப் புள்ளி கோடாகிக் கீழே நீண்டது. பக்கத்திலேயே இன்னொன்று. இரண்டும் பிரேக் பெடல் தொங்குகிற பிராக்கெட்டை நோக்கி இறங்கின.

“அண்ணே, தகட்டுலருந்து வருது,” என்றேன்.

தண்ணீர் ஊற்றுவது நின்றது. அண்ணன் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினார். நெடுநேரம் பார்த்தார். தகட்டைச் சுவரில் பிடிக்க நான்கு துளைகள் போட்டிருந்தார்கள். இன்ஜின் பக்கம் வழியும் மழைநீர் அந்தத் துளைகளில் கசிந்து, தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே தேங்கி நின்றிருந்தது. அங்கே வெயிலும் படாது, காற்றும் போகாது. செம்பும் இரும்பும் ஒட்டிக்கொண்டு நனைந்து கிடந்தால் இரும்புதான் கரையும். தகட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. விளிம்பில் மட்டும் கொஞ்சம் பச்சை பூத்திருந்தது.

ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரங்களில் ‘டங்’ என்றது. தகட்டை நெருங்க நெருங்கச் சத்தம் செத்துப்போனது. தகட்டுக்குக் கீழே முனையை வைத்து லேசாக அழுத்தினார். நனைந்த அப்பளத்தில் விரல் போவதுபோல் அது உள்ளே போனது. வெளியே எடுத்ததும் அந்த ஓட்டை வழியாக இன்ஜின் பக்கத்து வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது.

“பிச்சை, இந்த வண்டிய நிறுத்துறது யாரு?”

“நாந்தான். வேற யாரு?”

“நீ இல்ல. இந்த நாலு விரக்கடை ஷீட்டுதான் நிறுத்துது. பிராக்கெட்டோட மேல் போல்ட்டு ரெண்டும் இதுலதான் கடிச்சு நிக்குது. எறக்கத்துல நீ அழுத்துற ஒவ்வொரு மிதியும் இதுமேலதான் ஏறுது. தகட்டக் கழட்டணும். ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி எடுத்துட்டுப் புது ஷீட்டு வைக்கணும்.”

பிச்சைமணியின் முகத்தில் சிரிப்பு இல்லை. “மத்த எதுன்னாலும் வெட்டுங்கண்ணே. தகடுன்னா ஆத்தாவக் கேக்கணும்.”

அவன் ஆத்தா சோணையம்மாள் சாயங்காலம் வந்தார். அவர் கணவரும் இதே மலை ரோட்டில் ஜீப் ஓட்டியவர். பிச்சைமணி பள்ளியில் படிக்கும்போது ஒரு வளைவில் வண்டியோடு கீழே போனார். மகனும் ஜீப் ஓட்டப்போகிறேன் என்றபோது சோணையம்மாள் வண்டிக்கு முன்னால் தரையில் படுத்துக்கொண்டார். மலையடிவாரத்துக் கருப்பசாமி கோவில் பூசாரி அமாவாசையன்று தகடு மந்திரித்துத் தந்த பிறகுதான் எழுந்தார். இரும்பைக் கடித்து நிற்க வேண்டும், அமாவாசையில் பூசாரி கையால் தவிரக் கழற்றக்கூடாது என்பது கட்டளை.

“கண்ணா, அவுக வண்டியில இது இல்ல. போயிட்டாக. இவன் வண்டியில இருக்கு. இத்தன வருசத்துல ஒரு கீறல் உண்டா? நீயே சொல்லு,” என்றார்.

“கீறல் வெளிய இல்ல ஆத்தா. உள்ள இருக்கு. வந்து பாருங்க.”

“எனக்கு அதெல்லாம் பாக்கத் தெரியாது.”

“சரி, வேண்டாங்கல. சாமி வண்டியிலயே இருக்கட்டும். கண்ணாடியில கயித்தக் கட்டித் தொங்கவிடுவோம். துளை மட்டும் வேணாம்.”

சோணையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “காத்துல ஆடுற சாமி எங்கனடா காக்கும்?”

அண்ணனும் அதே கோவிலுக்குப் போகிறவர்தான். பட்டறை திறந்த நாளில் அங்கேதான் கிடா வெட்டினார். அவர் நினைத்திருந்தால் பட்டறையில் தனியாக நிற்கும் வண்டியில் நான்கு திருகுகளைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பிறகு ஒருநாள் இதையே கேட்டேன். “சாமி மேல ஸ்குரூடிரைவர வைக்க எனக்கும் கை வரல உமா,” என்றார்.

பூசாரி ஒன்றும் பிடிவாதக்காரர் இல்லை. அமாவாசையன்று இறக்கி, எண்ணெய்க்காப்புப் போட்டு, புது ஷீட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அமாவாசையும் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்னால் பூசாரியின் பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்தது. தீட்டோடு தகட்டைத் தொட முடியாது. அடுத்தது தீபாவளி அமாவாசை.

அதுவரைக்கும் என்று, அண்ணன் சேஸிஸிலிருந்து பிராக்கெட்டுக்கு ஒரு ஆங்கிள் இரும்பை முட்டாகக் கொடுத்து போல்ட் போட்டார். பிச்சைமணியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “இது முட்டுத்தான். சுவரு இல்ல. தீவாளி முடியிற வரைக்கும் ஆள் ஏத்தாத. மேல உர மூட்ட ரெண்டு, கீழ வெறும் வண்டி. சரியா?”

“சரிண்ணே.”

அந்த ஆண்டு ஐப்பசி மழை கொட்டியது. ஆற்றில் செந்தண்ணீர் போனது. மேலே தோட்டங்களில் ஏலக்காய் பறிப்பு உச்சத்தில் இருந்தது. பட்டறைக் கூரையில் மழைச் சத்தம் கூடினால் அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். சாப்பிடும்போது நடுவில் எழுந்து, மிதி அழுத்துவதுபோல் வலது காலைத் தரையில் ஊன்றி ஊன்றிப் பார்த்தார் என்று மதினி சொன்னாள்.

சில நாள் கழித்து விடியற்காலையில் ஜீப் ஸ்டாண்டுப் பக்கம் போனவர், பிச்சைமணியின் ஜீப் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். தலையில் மழைக்குப் போட்ட பாலிதீன் கொங்காணி, மடியில் தூக்குவாளி. முன் சீட்டில், ஓட்டுபவருக்கு இடப்பக்கம், பாண்டியம்மாள். அந்தப் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணி அவர்தான். அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார முடியாது.

“எறங்குங்க எல்லாரும். இந்த வண்டி ஆகாது,” என்றார் அண்ணன்.

“எறங்கி? நடந்தா போக?” என்றார் பாண்டியம்மாள். “உங்க பட்டறையில ஏலக்கா காய்ச்சுத் தொங்குதா, பறிக்க வாரோம்.”

உள்ளேயிருந்து சிரிப்பு. பிச்சைமணி கீழே பார்த்தான். “மத்த ஜீப்பெல்லாம் நெறஞ்சு போகுதுண்ணே. இவுகளுக்கு எடமில்ல. மெதுவாத்தான் போறேன்.”

வாக்குவாதம் பண்ணிப் பயனில்லை என்று தெரிந்ததும் அண்ணன் குனிந்து, முட்டுக் கொடுத்த இரும்பைப் பார்த்தார். ஓட்டுநர் இடத்தில் ஏறி, பெடலைத் தன் காலால் பலங்கொண்ட மட்டும் மிதித்தார். வலது காதைக் கீழே சாய்த்துக் கேட்டார். பிறகு இறங்கிப் போனார். மறுநாளும் வந்தார். தினமும் வந்தார். பெண்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது. “மிதிச்சிட்டீகளாண்ணே? பூசை முடிஞ்சுதா? மணி அடிக்கலாமா?” என்பார்கள். ஒருத்தி அவர் உட்காரும் முன்னால் சீட்டைத் துடைத்துவிட்டுக் கும்பிடுவாள். அண்ணனும் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் தினமும் கொஞ்சம் சாம்பலைப் பொட்டலத்தில் கொண்டுபோய்த் தகட்டுக்குக் கீழே தட்டிவிட்டு வந்தார். மறுநாள் பார்த்தால் கோடுகள் இருக்கும். இரண்டு கோடுகள் மூன்றாயின. பிறகு தகட்டின் முழு அகலத்துக்கும் சாம்பல் சேறாகியிருந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் தோட்டத்தில் போனஸும் துணியும் கொடுக்கிற நாள். அன்று போகாவிட்டால் பிள்ளைகளுக்கு எதுவும் கிடையாது. அன்றைக்கு நடந்ததைப் பாண்டியம்மாள் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

காலையில் அண்ணன் வழக்கம்போல் மிதித்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை. மறுபடி மிதித்தார். முட்டுக் கொடுத்த இரும்பில் வட்டமாக இருந்த போல்ட் துளை நீள்வட்டமாக நீண்டிருந்தது. “பிச்சை, இன்னைக்கு வேணாம்டா,” என்றாராம்.

“அண்ணே, இன்னைக்கு ஒரு நட போயிட்டு வந்துருவோம். நாளைக்குத் தகடு எறங்குது. அப்புறம் வண்டி உங்க கையிலதான். பொங்கல் வரைக்கும் வச்சுக்கங்க.”

அண்ணன் ஜீப்பைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பின்னாலிருந்த முகங்களைப் பார்த்தார். பட்டறைக்குப் போய் ஸ்பானரும் கட்டுக்கம்பியும் எடுத்துக்கொண்டு வந்தார். “பாண்டியம்மா, நீ பின்னால போ. நான் முன்னால வாரேன்.”

“இது என் எடம்ல?”

“ஒரு நாளைக்குக் குடு. திருப்பித் தந்துருவேன்.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. மேலே பெண்கள் போனஸ் வாங்கப் போயிருந்தபோது அண்ணன் ஈரத்தரையில் மல்லாந்து படுத்து, பிராக்கெட்டைச் சேஸிஸோடு கம்பியால் வரிந்து கட்டினார். சாயங்காலம் புறப்படும்போது மழை வலுத்திருந்தது. மேகம் ரோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. பெண்கள் புதுத் துணிகளைப் பாலிதீனில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நிறம் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். முன்னால் அண்ணன் வலது காதை மிதிப்பக்கம் சாய்த்தபடியே வந்தார். ஒவ்வொரு வளைவிலும் பிச்சைமணி மிதித்து எடுத்ததும் “ம்” என்பார். அந்த ‘ம்’ கேட்டுக்கேட்டுத் தங்களுக்கும் பயம் பிடித்துக்கொண்டது, ஒவ்வொருத்தியாகப் பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்றார் பாண்டியம்மாள்.

ஒரு வளைவில் ‘ம்’ வரவில்லை.

துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். பெடல் பிராக்கெட்டோடு பிய்ந்து தரையில் மடங்கியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். அத்தனை பாரத்தை அந்த இறக்கத்தில் அது பிடிக்கவில்லை. கியரைக் குறைத்தான், வண்டி அலறியது, வேகம் கொஞ்சம்தான் குறைந்தது. வலப்பக்கம் பள்ளம். இடப்பக்கம் வெட்டிய பாறை. பிச்சைமணி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி உறைந்துவிட்டான். அண்ணன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பற்றித் தன் பக்கமாக இழுத்தார்.

“எம் பக்கம் சாத்துடா! எம் பக்கம் சாத்து!”

ஜீப் இடதுபக்கம் பாறையில் உரசி, இடித்து, நின்றது.

பின்னால் இருந்தவர்களுக்குக் கை கால் முறிவு, தலையில் தையல். பிச்சைமணிக்கு ஒரு கால் முறிந்தது. கீழே கொண்டுவருமுன் அண்ணன் மட்டும் போய்விட்டார். மறுநாள் ஊரெல்லாம் வெடிச் சத்தம். எங்கள் தெருவில் மட்டும் யாரும் வெடிக்கவில்லை. ஈமச்சடங்குக்கு முன் அவரைக் குளிப்பாட்டியபோது விரல் நகங்களிலிருந்து துரு போகவே இல்லை. மதினி தேய்த்துக்கொண்டே இருந்தாள். யாரோ “போதும்மா” என்றார்கள்.

சோணையம்மாள் துக்கத்துக்கு வந்தார். மதினியைக் கட்டிக்கொண்டு உண்மையாகவே அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: “தகடு இருந்ததுனால இத்தன உசுரு பொழச்சுது ஆத்தா. ஒண்ண மட்டும் எடுத்துக்கிருச்சு.” நசுங்கிய ஜீப்பில் அந்தத் தகடு தானாகவே கழன்று கீறல் இல்லாமல் கிடந்தது என்றும், அதைத் தானே போய் எடுத்துவந்து சாமி மாடத்தில் வைத்திருப்பதாகவும் சொன்னார். அந்தச் சாமிமேல் கை வைக்கத் துணியாதவர் நடு வீட்டில் கிடந்தார்.

அடுத்த ஆண்டு புரட்டாசியில் பிச்சைமணி பழைய ஜீப் ஒன்று வாங்கினான். கால் கொஞ்சம் இழுத்தது. வண்டியை எங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, என்னையும் மதினியையும் கூப்பிட்டான். முன்கண்ணாடியின் மேலே மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தது: ‘கருத்தக்கண்ணன் துணை.’ எழுத்தைக் காட்டிவிட்டு நின்று அழுதான். மதினி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் வண்டியின் உள்ளே எட்டிப் பார்த்தேன். டேஷ்போர்டுக்குக் கீழே, பெடலுக்கு மேலே, அதே செப்புத் தகடு. நான்கு புதுத் திருகுகள்.

“பிச்சை,” என்றேன்.

“ஆத்தா கேக்கல உமா,” என்றான். “இப்பத்தான வச்சிருக்கு. ஷீட்டும் புதுசா மாத்தியாச்சு. பத்து வருசம் தாங்கும்.”

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுநாள் விடியலில் நான் ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். மதினியின் அடுப்புச் சாம்பல் ஒரு காகிதத்தில் இருந்தது. பிச்சைமணி டீக்கடையில் நின்றான். பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் அன்றைக்கும் அந்த ஜீப்பில் இருந்தவர்கள். முன் சீட்டில் பாண்டியம்மாள். என்னைக் கண்டதும் தூக்குவாளியை இறுக்கிக்கொண்டார்.

“என்ன டீச்சரு?”

“ஒண்ணுமில்லக்கா. காலக் கொஞ்சம் நகட்டுங்க.”

தகட்டுக்குக் கீழே சாம்பலைத் தட்டினேன். பிளாஸ்டிக் குடத்துத் தண்ணீரை வாங்கிப் பானெட் ஓரத்தில் விட்டேன். திரும்பி வந்தபோது பாண்டியம்மாள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். வெள்ளையில் ஒரு புள்ளி கருத்து, கீழே நீண்டு, பிராக்கெட்டைத் தொட்டது.

“இதத்தான் அவுக தெனமும் பாத்தாகளா?” என்றார் பாண்டியம்மாள்.

“ஆமா.”

சோணையம்மாள் மகனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர் கூட்டத்தைப் பார்த்துப் பக்கத்தில் வந்து நின்றார். பாண்டியம்மாள் அவரைப் பார்க்கவில்லை. இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு நாலணாக் காசை எடுத்தார். அதன் விளிம்பைத் திருகின் பள்ளத்தில் வைத்துத் திருப்பினார்.

“ஏய், இன்னைக்கு அமாவாசை இல்லடி!” சோணையம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டார். “பாவி, தொடாத! பூசாரி வரட்டும்!”

“தெரியும் ஆத்தா. எனக்குக் காலண்டர் பாக்கத் தெரியும்.”

“உனக்கு ஏதாச்சும் ஆயிரும்டி.”

“எனக்கு ஆகவேண்டியது போன வருசமே ஆயிருக்கணும்.” இரண்டாவது திருகு கழன்று தரையில் விழுந்து உருண்டது. “இந்த எடத்துல நாந்தான் உக்காந்திருக்கணும். ஒரு நாளைக்குன்னு கேட்டு வாங்கிக்கிட்டாரு அந்த மனுசன். திருப்பித் தாரேன்னாரு.”

டீ கிளாஸோடு ஓடிவந்த பிச்சைமணி அம்மாவுக்கும் வண்டிக்கும் நடுவே நின்றான். யாரையும் தடுக்கவில்லை. நான்காவது திருகும் வந்ததும் தகடு பாண்டியம்மாள் கையில் விழுந்தது. அதன் பின்பக்கத்திலிருந்து வெற்றிலை எச்சில் நிறத்தில் தண்ணீர் அவர் மணிக்கட்டில் வழிந்தது. அதைச் சேலையில் துடைத்தார். தகட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முந்தானையில் முடிந்து மடியில் வைத்தார்.

“சாமி எம் மடியில வரட்டும் ஆத்தா. சாயங்காலம் உங்க கையில தாரேன். காலையில குடுத்தா திரும்ப மடியில வச்சுக்கிருவேன். காத்துல ஒண்ணும் ஆடாது.”

சோணையம்மாள் அந்த மடியையே பார்த்தார். பிறகு முந்தானை முடிச்சைக் கையை நீட்டித் தொட்டார். அவிழ்க்கவில்லை. இன்னும் இறுக்கமாக ஒரு முடிச்சுப் போட்டார்.

ஜீப் புறப்பட்டது. இன்றுவரை அப்படித்தான் போய் வருகிறது. ஒன்றுதான். தகடு இருந்த இடத்தில் நான்கு துளைகளும் இருக்கின்றன. பிச்சைமணி அவற்றில் சோப்பை வைத்து அடைத்திருக்கிறான். அண்ணன் இருந்தால் அதைப் பார்த்துத் திட்டியிருப்பார். வெட்டி எடுத்துவிட்டுப் புது ஷீட் வைக்கும்வரை வண்டியைக் கொடுத்திருக்க மாட்டார். வேறு பட்டறைக்குக் கொண்டுபோ என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். பறிப்பு முடியட்டும் என்கிறான்.

மழைக்காலத்தில் சோப்பு கரையும். மழை பெய்த மறுநாள் காலையில் நான் சாம்பலோடு போகிறேன். பெண்கள் கால்களைத் தாங்களாகவே நகர்த்திக்கொள்கிறார்கள். தட்டி முடித்ததும், இனி ஒன்றும் ஆகாது என்பதுபோல் பேச்சைத் தொடர்கிறார்கள். இப்போது யாரும் என்னைக் கேலி செய்வதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.